உடம்பு ஸ்கார்பரோவில், நாள் மன்னார்குடியில்

கேள்வி: எனக்கு 28 வயது. சொந்த ஊர் மன்னார்குடி. எம்.எஸ்சி. இயற்பியல், பி.எட். முடித்து, உள்ளூரிலேயே ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு, கணவரின் ஸ்பான்சரில் பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்து, போன ஆகஸ்டில் கனடா வந்தேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், தரைக்குக் கீழே உள்ள தளத்தில், வாடகைக்கு இருக்கிறோம். அவர் இங்கே ஆறு வருடமாக இருக்கிறார். நல்லவர். காலை ஏழு மணிக்குப் போனால் திரும்பி வர சாயங்காலம் ஆறரை ஆகும். ராத்திரி அவர் தூங்கியதும் பத்து மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கால் போடுவேன். அம்மா போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிடுவார். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர் காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வைக்கும்போது இரண்டு மணி ஆகிவிடும். எழுந்திருக்கும்போது மதியம் பன்னிரண்டு.

கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாமே இங்கே கிடைக்கிறது. தெருவில் தமிழ் காதில் விழுகிறது. ஆனாலும் நெஞ்சை அடைக்கிறது. பொங்கலன்று பால் பொங்கி வழிந்து ஸ்மோக் அலாரம் அடித்தது. ஸ்டூல் மேல் ஏறி அதை நிறுத்திவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். ஊரில் பள்ளி விட்டு வரும்போது பூக்காரம்மா, "என்ன டீச்சர், இன்னிக்கு லேட்டா?" என்பார். அது ஞாபகம் வந்தால் தாங்க முடியவில்லை. மேல்வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா நவம்பரில் ஒரு டப்பாவில் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்தார். அந்த டப்பாவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது போய்க் கொடுக்க வெட்கமாக இருக்கிறது.

அம்மா "முடியலன்னா வந்துடும்மா" என்கிறார். இவர் "போகப் போகச் சரியாயிடும்" என்கிறார். ஊரில் மற்றவர்கள் "கனடாவில் இருக்கிறவளுக்கு என்ன கவலை" என்கிறார்கள். நான் பலவீனமானவளா? திரும்பிப் போய்விடலாமா?

— பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்களை இப்படிக் கூப்பிட வேண்டும் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தோன்றிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பலவீனம் பற்றிய கேள்வி. 1688இல் பேசல் பல்கலைக்கழகத்தில் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்தவர்களுக்கு வரும் இந்த நோவைப் பற்றித்தான் தன் ஆய்வேட்டை எழுதினார். தூக்கம் கெடுவது, பசி போவது, எந்நேரமும் ஊர் நினைப்பு என்று நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் அதிலும் இருக்கிறது. வீடு திரும்புதல், வலி என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் 'நாஸ்டால்ஜியா'. அன்றைக்குக் கூலிக்குப் போரிட வெளிநாடு போன சுவிஸ் சிப்பாய்களுக்கே இது வரும் என்று பேர்பெற்றிருந்தது. பலவீனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு ஊரில் நன்றாக வேர்விட்டு வாழ்ந்தவரைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால், கொஞ்ச நாள் இலை வாடத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் பொங்கலோ ஸ்மோக் அலாரமோ இல்லை. அம்மா காய் நறுக்குவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நாலு மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் ஸ்கார்பரோவுக்கும் மன்னார்குடிக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். உங்களுக்கு ராத்திரி பத்து என்றால் அம்மாவுக்குக் காலை எட்டரை. நீங்கள் போனை வைக்கும் ராத்திரி இரண்டு மணி, அங்கே மதியம் பன்னிரண்டரை. மன்னார்குடியின் முற்பகல் முழுவதையும் நீங்கள் விழித்திருந்து வாழ்கிறீர்கள். ஸ்கார்பரோவின் முற்பகல் முழுவதும் தூங்குகிறீர்கள். உடம்பு ஓர் ஊரிலும் நாள் இன்னோர் ஊரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராக இருந்தாலும் இதில் சோர்ந்து போவார்கள்.

நீங்கள் இயற்பியல் படித்தவர், அதனால் வெளிச்சக் கணக்கையும் சொல்கிறேன். ஜனவரி நடுவில் டொராண்டோவில் சூரியன் உதிப்பது காலை ஏழே முக்காலுக்கு, மறைவது மாலை ஐந்து மணி சுமாருக்கு. ஏற்கனவே சின்னப் பகல். நீங்கள் பன்னிரண்டுக்கு எழுந்தால் மிச்சம் ஐந்து மணி நேரம். அதுவும் பேஸ்மென்டில், தரை மட்டத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக, அதையும் பனி மூடாமல் இருந்தால். நம் உடம்புக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது கண்ணில் படும் காலை வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், வீட்டு விளக்கு சில நூறு தாண்டாது. மேகம் மூடிய நாளில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். மன்னார்குடியில் காலை எட்டரைக்குப் பள்ளிக்கு நடந்து போனபோது நீங்கள் நினைக்காமலே கிடைத்துக்கொண்டிருந்த மருந்து அது. ஊர் நினைப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும் கனத்தில் ஒரு பங்கு இந்த வெளிச்சக் குறைவால் வந்தது என்பது என் கணிப்பு.

அதனால் அம்மாவிடம் பேசுவதைக் குறைக்கச் சொல்லப் போவதில்லை. நேரத்தை மாற்றுங்கள். உங்களுக்குக் காலை ஏழரை, மன்னார்குடியில் மாலை ஆறு. அம்மா விளக்கேற்றும் நேரம். அவர் அடுப்படி வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்து, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடிய நேரம். அரை மணி, முக்கால் மணி பேசுங்கள். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அப்போது உங்கள் ஏழரை அம்மாவுக்கு ஐந்தாகிவிடும், இருவரும் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி வீடியோ கால் வேண்டாம். ஒரேயடியாக மாறாது. தூங்கப் போகும் நேரத்தை இரண்டு மணியிலிருந்து ஒன்றரை, ஒரு மணி, பன்னிரண்டரை என்று இரண்டு வாரத்தில் இறக்குங்கள். முதல் சில நாள் பத்து மணிக்குக் கை தானாகப் போனைத் தேடும், அழுகை வரும். வரட்டும். அந்த நேரத்தில் கணவர் பக்கத்தில்தானே இருக்கிறார், எழுப்புங்கள்.

பேசி முடித்ததும் கோட், தொப்பி, பூட்ஸ் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் வெளியே நடக்க வேண்டும். மைனஸ் பத்தில் எப்படி என்று கேட்பீர்கள். எல்லாக் குழந்தைகளும் அந்நேரம் பள்ளிக்கு நடந்துகொண்டிருக்கும், பார்ப்பீர்கள். போகவே முடியாத நாட்களுக்கு 10,000 லக்ஸ் விளக்கு என்று கடைகளில் கிடைக்கிறது. எழுந்தவுடன் இருபது முப்பது நிமிடம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு காபி குடிக்கலாம். நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. கண் நோயோ, மனம் மிதமிஞ்சிக் கிளம்பி அப்புறம் தாழ்ந்து போகும் நோயோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

இப்போது அந்தப் பூக்காரம்மா.

உங்களுக்கு எது இல்லை என்று உங்கள் கடிதத்தை வைத்தே பார்த்தேன். கறிவேப்பிலை இருக்கிறது. தமிழ் இருக்கிறது. நல்ல கணவர் இருக்கிறார். காசு கொடுத்து வாங்கக்கூடியது எல்லாம் இருக்கிறது. உங்களை "டீச்சர்" என்று கூப்பிட ஒருவர் இல்லை. நீங்கள் வர அரை மணி தாமதமானால் கவனித்துக் கேட்க ஒருவர் இல்லை. மன்னார்குடியில் கோயில் மதில் ஓரமாக நடந்து வந்தால் பெயர் தெரிந்தவர்களும் பழைய மாணவர்களின் அப்பா அம்மாக்களும் நாலடிக்கு ஒருவர் இருந்திருப்பார்கள். ஸ்கார்பரோவில் ஆகஸ்டிலிருந்து நீங்கள் 'அவருடைய மனைவி'. பேஸ்மென்டில் குடியிருப்பவர். வரிசையில் நிற்கும் ஒருவர். ஊரை மட்டும் நீங்கள் விட்டு வரவில்லை டீச்சர், உங்களையே பாதி அங்கே விட்டு வந்திருக்கிறீர்கள்.

2008இல் ஒரு வருடம் படிக்க நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊருக்குப் போனேன். மூன்று வாரம் கழித்து, நூலகக் கவுன்டரில் இருந்த பெண் என் கார்டைப் பார்த்து என் பெயரைத் தப்புந்தவறுமாக உச்சரித்தார். அந்த மூன்று வாரத்தில் நேருக்கு நேர் ஒருவர் வாயிலிருந்து என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் அந்தக் கவுன்டருக்கே போனேன், எடுக்க வேண்டிய புத்தகம் எதுவும் இல்லாமலே. அந்த வருடம் நான் தேறியது அங்கிருந்துதான்.

உங்களுக்கும் அப்படி ஒரு கவுன்டர் வேண்டும். ஒரே இடம், ஒரே கிழமை, ஒரே நேரம். மாற்றி மாற்றிப் பத்து இடம் போவதைவிட ஒரே இடத்துக்குப் பத்து வாரம் போனால்தான் முகம் பழகும். டொராண்டோ பொது நூலகத்தில் உறுப்பினர் கார்டு அங்கே வசிப்பவர்களுக்கு இலவசம். ஸ்கார்பரோ கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கும். புதிதாக வந்தவர்கள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிப் பழகும் வட்டங்களும் அவர்கள் நடத்துவதுண்டு. உங்கள் ஆங்கிலத்துக்கு அது தேவையில்லை என்று தோன்றலாம். அங்கே உங்களைப் போலவே ஊர் ஏக்கத்தோடு நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதற்காகப் போங்கள்.

அப்புறம் உங்கள் தொழில். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அரசுப் பள்ளியில் பாடம் எடுக்க 'ஒன்டாரியோ காலேஜ் ஆஃப் டீச்சர்ஸ்' என்ற அமைப்பின் சான்றிதழ் வேண்டும். பெயரில் காலேஜ் இருந்தாலும் அது கல்லூரி இல்லை, ஆசிரியர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு. உங்கள் பட்டங்களை அவர்கள் பரிசீலிப்பார்கள். கூடுதலாகச் சில பாடங்கள் படிக்கச் சொல்லலாம். நாளாகும். ஆனால் நாளாகும் என்பதற்காகவே இன்றைக்கு ஆரம்பிக்க வேண்டிய வேலை இது. பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் நேரடியாகப் போய்ச் சேர வேண்டியிருக்கும். ஊரில் அப்பா இருந்தால் அந்த அலைச்சலை அவரிடம் ஒப்படையுங்கள். மகள் அங்கே அழுகிறாள் என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும் ஒரு அப்பாவுக்கு இதைவிட ஆறுதலான வேலை கிடையாது.

சான்றிதழ் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. டொராண்டோவில் பள்ளி வாரியமே பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறது. தனியாகத் தமிழ் வகுப்பு நடத்துபவர்களும் ஸ்கார்பரோவில் நிறைய. உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். சிறுவர்களோடு வேலை என்பதால் போலீஸ் சான்று கேட்பார்கள், அது வழக்கம்தான். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியலோடு மல்லுக்கட்டும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ வாரம் இரண்டு நாள் டியூஷன் எடுக்கலாம். முதல் மாதம் வருமானம் பார்க்காதீர்கள். யாராவது ஒரு குழந்தை உங்களிடம் வந்து "மிஸ்" என்று சொன்னால் போதும். நீங்கள் பி.ஆர். என்பதால் அரசு நிதியில் நடக்கும் குடியேற்ற உதவி மையங்களில் இந்த வழிகாட்டல் எல்லாம் கட்டணமில்லாமல் கிடைக்கும். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், உதவிச் சேவைகளுக்கு வழிகாட்டும் 211 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் பூக்காரம்மாவுக்கு மாற்று ஸ்கார்பரோவில் கிடைக்க மாட்டார். மல்லிகை கிடைக்கும். அவர் குரல் கிடைக்காது. இப்படிச் சிலவற்றுக்கு ஈடே கிடையாது, அதற்காக அழத்தான் வேண்டும். இறந்தவருக்காக அழுதால் ஊரே வந்து பக்கத்தில் உட்காரும். உயிரோடு இருக்கும் ஊருக்காக அழுதால் "கனடாவில் உனக்கு என்ன குறை" என்பார்கள். அப்படிக் கேட்பவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அம்மாவிடம் ஒரு நாள், அந்தப் பூக்காரம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் பேசுங்கள். அவருக்கும் இது ஒரு டீச்சரைப் பிரிந்த கதைதானே.

கணவரைப் பற்றி. "போகப் போகச் சரியாயிடும்" என்று அவர் சொல்வது அலட்சியத்தால் இருக்காது. ஆறு வருடத்தில் முதல் சில குளிர்காலத்தை அவர் தனியாக, யாரிடமும் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியிருப்பார். அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். அவரிடம் "எனக்கு இங்க பிடிக்கல" என்று சொன்னால், தன்னையே பிடிக்கவில்லை என்று அவர் காதில் விழும். பயந்துபோய் வாயை மூடிக்கொள்வார். அதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "நீங்க வந்த முதல் வருஷம் பொங்கலன்னிக்கு என்ன பண்ணுனீங்க?" பதில் வரக் கொஞ்சம் நேரமாகலாம். காத்திருங்கள். அப்புறம் அவர் செய்யக்கூடியதாக ஒரே ஒரு காரியம் கேளுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம், போன் இல்லாமல், உங்களோடு வெளியே வர வேண்டும் என்பது மாதிரி.

உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்று தெரிகிறது, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு பெண்களுக்காக ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டை ஒருவர் பூட்டி வைத்திருந்தால், அம்மாவிடம் பேசவே அனுமதி கேட்க வேண்டியிருந்தால், செலவுக்குக் கையில் ஒரு டாலர்கூட இல்லாமல் வைத்திருந்தால், அதற்கு ஊர் ஏக்கம் என்று பெயர் வைத்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். 211க்கே பேசுங்கள், எங்கே போக வேண்டும் என்று வழி சொல்வார்கள். உடனே ஆபத்து என்றால் 911.

உங்களுக்கு ஒரு எல்லைக்கோடும் சொல்லிவிடுகிறேன். ஊர் நினைத்து அழுதாலும், நல்ல பாட்டு கேட்டால், பிடித்தவர் பேசினால் கொஞ்சம் முகம் மலர்கிறது என்றால் அது ஏக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும், எதிலும் பிடிப்பே இல்லாமல், அம்மாவிடம் பேசினால்கூட ஒன்றும் தோன்றாமல், சாப்பாடும் தூக்கமும் குலைந்து, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் அது மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் இருக்கிறது, குணமாகும். குடும்ப டாக்டரிடம் இதே கடிதத்தைக் காட்டலாம். தைராய்டு, இரும்புச்சத்து, பி12 பார்க்கச் சொல்லுங்கள். இவை குறைந்தாலும் இதே சோர்வு வரும், நம் பெண்களுக்கு, அதுவும் சைவமாக இருந்தால், இரும்புச்சத்தும் பி12உம் அடிக்கடி குறையும். அந்தக் குளிர்கால வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிப்பது சொற்பம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். உயிரை விடலாமா என்ற எண்ணம் ஒரு கணம் எட்டிப் பார்த்தாலும் 9-8-8க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். கனடா முழுக்க, 24 மணி நேரமும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசுவார்கள்.

திரும்பிப் போய்விடலாமா? போகலாம். அது தோல்வி ஆகாது. யாரும் உங்களைக் கட்டிப்போடவில்லை. ஆனால் அந்த முடிவை ஜனவரியில் எடுக்காதீர்கள் என்று மட்டும் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரின் ஒரு பாதியைத்தான் நீங்கள் ஒழுங்காகப் பார்த்திருக்கிறீர்கள், அதுவும் இருட்டான பாதியை. ஜூனில் அங்கே பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். அதுவரை இந்தப் பேச்சைத் தள்ளி வையுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள், "ஜூன் வரைக்கும் 'வந்துடு'ன்னு சொல்லாதம்மா" என்று. அவர் பாசத்தில் சொல்கிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் உங்கள் பெட்டியைப் பாதி கட்டிவிடுகிறார். அதற்குப் பதிலாக, அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகப் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள். போய்வர டிக்கெட். ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருந்தால் பி.ஆர். நிபந்தனை நிறைவேறிவிடும், எனவே இரண்டு மாதம் ஊரில் தங்கினாலும் அதனால் பி.ஆர். போய்விடாது. இரண்டாவது குளிர்காலத்தின் நட்டநடுவில் மன்னார்குடி வெயிலில் நிற்கலாம். காலண்டரில் ஒரு தேதி இருந்தால், தூரம் எண்ணக்கூடியதாகிவிடும்.

கடைசியாக, அந்த டப்பா.

மேல்வீட்டு அம்மா எப்போது, எப்படிக் கனடா வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண்களில் பலர் 1983க்குப் பிறகு போர் துரத்தி வந்தவர்கள். அடுத்த பொங்கலுக்கு டிக்கெட் போடலாம் என்று யாரும் சொல்ல முடியாத நிலையில், இதே மாதிரி பேஸ்மென்ட்களில் முதல் குளிர்காலத்தைக் கழித்தவர்கள். நவம்பரில், இருட்டத் தொடங்கிய மாதத்தில், கீழே ஒரு புதுப் பெண் பகல் முழுக்க வெளியே வராமல் இருக்கிறாள் என்று கவனித்துத்தான் அந்தப் பிட்டு வந்திருக்க வேண்டும். "என்ன டீச்சர், லேட்டா?" என்று கேட்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டரை மாதம் ஆகிவிட்டது என்று வெட்கப்பட வேண்டாம். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று உங்கள் வீட்டிலும் சொல்லித்தானே வளர்த்திருப்பார்கள். சர்க்கரைப் பொங்கலோ, வத்தக்குழம்போ, உங்களுக்குக் கைவந்தது எதுவோ அதைச் செய்து போட்டு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே மேலே போங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். மன்னார்குடியில் டீச்சராக இருந்தேன் என்றும் சொல்லுங்கள். "இவ்வளவு நாள் டப்பாவைத் தராம வெச்சிருந்ததுக்கு மன்னிச்சிடுங்கம்மா" என்று ஆரம்பித்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

டப்பாவில் என்ன போட்டுக் கொடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவியல் ஆலோசகர்